ஷாட்டரியின் வேய்ந்த வீடு: கட்டியதும் மாற்றியதும்

1581ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, இங்கிலாந்தின் வார்விக்‌ஷைர் பகுதியில் ஷாட்டரி என்ற சிற்றூரில் ரிச்சர்டு ஹாத்தவே என்ற விவசாயி உயில் எழுதினார். சில நாட்களில் இறந்தும் போனார். மகளுக்குத் திருமண நாளில் கொடுக்க வேண்டிய தொகை, மற்றப் பிள்ளைகளுக்கான பங்கு என்று எல்லா உயில்களிலும் இருக்கும் செய்திகளுக்கு நடுவே ஓர் ஏற்பாடு தனித்துத் தெரிகிறது. கூடத்தில் அடித்திருக்கும் மரப் பலகைகளும் உள்ளறையில் இருக்கும் இரண்டு கட்டில்களும் மனைவி ஜோன் வாழும்வரை, அல்லது விதவையாக இருக்கும்வரை, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். யாரும் பெயர்த்து எடுக்கக் கூடாது.

பழைய வீடுகளை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய கொடை. அந்த வீட்டில் கூடம் என்றும் உள்ளறை என்றும் இரண்டு தனித்தனி இடங்கள் இருந்தன, உள்ளறையில்தான் படுத்தார்கள், கூடத்துப் பலகைகள் கழற்றி எடுத்துப் போகக்கூடிய சொத்தாகக் கருதப்பட்டன. இத்தனையும் அந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து தெரிந்துவிடுகிறது. கணவனை இழந்த பெண் வெறும் சுவர்களுக்கு நடுவே நிற்க நேரலாம் என்ற கவலையும் அதில் கேட்கிறது.

உயிலில் ஆக்னஸ் என்று குறிக்கப்படும் மகளைத்தான் உலகம் ஆன் ஹாத்தவே என்று அறிகிறது. அந்தக் காலத்தில் ஆக்னஸ், ஆன் இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்களாக வழங்கின. திருமண நாளில் கொடுக்கச் சொல்லி அப்பா விட்டுச்சென்ற தொகை 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அடுத்த ஆண்டு நவம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. அவருக்கு வயது 26. மணமகன் பக்கத்து ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த 18 வயது வில்லியம் ஷேக்ஸ்பியர்.

அந்தத் திருமணத்தால்தான் வீடு பிழைத்தது என்பது உண்மை. ஆனால் அந்தத் திருமணத்தைப் பற்றியே பேசிப் பேசி, வீட்டை யாரும் வீடாகப் பார்ப்பதில்லை. ஷாட்டரியில் இன்று நிற்பது, ஆன் பிறந்து வளர்ந்தபோது இருந்த வீடு அல்ல. அதன் எலும்புக்கூடு அவருக்கு நூறு ஆண்டு முந்தியது; வெளியே நம் கண்ணில் முதலில் படுவனவற்றில் பெரும்பகுதி அவர் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு வந்தது. ஒரு விவசாயக் குடும்பம் 13 தலைமுறைகளாகத் தன் தேவைக்கும் வசதிக்கும் வறுமைக்கும் ஏற்ப வெட்டியும் சேர்த்தும் பிரித்தும் வாழ்ந்த வீடு அது. அந்த மாற்றங்களைப் படிக்கத் தெரிந்தால், கவிஞரின் காதல் கதையைக் காட்டிலும் நீண்ட கதை ஒன்று அந்தச் சுவர்களில் இருக்கிறது.

முதலில் பெயர். ‘ஆன் ஹாத்தவேயின் குடில்’ என்று உலகமே சொல்கிறது. அந்தக் குடும்பத்தார் அப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது ஹியூலேண்ட்ஸ் பண்ணை. சுமார் 90 ஏக்கர் நிலத்தோடு சேர்ந்த, இப்போதைய நிலையில் 12 அறைகள் கொண்ட பண்ணைவீடு. குடில் என்ற சொல்லில் ஏழ்மையும் எளிமையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆடு மேய்க்கத் தனியாக ஆள் வைத்திருந்த குடும்பம் அது. தாமஸ் விட்டிங்டன் என்ற அந்த இடையர் 1601இல் எழுதிய உயிலில், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனிடம் இருக்கும் தன்னுடைய 40 ஷில்லிங் ஊர் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று குறித்திருக்கிறார்.

வளைந்த மரங்கள்

வீட்டின் மிகப் பழைய பகுதி சாலைக்கு அருகே, தாழ்ந்த கூரையோடு இருப்பது. 1463இல் கட்டப்பட்டது என்று கொள்ளப்படுகிறது. அப்போது மூன்றே அறைகள். இப்போது சமையலறை என்றும் வரவேற்பறை என்றும் காட்டப்படுபவை அந்த மூன்றில் மிஞ்சியவை.

அந்தப் பகுதியைத் தாங்கி நிற்பவை இயற்கையாகவே வளைந்த ஓக் மரங்கள். ஆங்கிலத்தில் இந்த முறைக்குக் ‘கிரக்’ என்று பெயர். காட்டில் நல்ல வளைவோடு வளர்ந்த ஓக் ஒன்றைத் தேடி வெட்டி, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே வளைவோடு இருக்கும். அவற்றை எதிரெதிராக நிறுத்தி உச்சியில் சேர்த்தால், கைகூப்பியதுபோல ஒரு சோடி கிடைக்கும். இடையே குறுக்கு விட்டம் போட்டு மரமுளை அடித்து இறுக்கிவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று சோடிகளை வரிசையாக நிமிர்த்தி, மேலே மோட்டுவளையும் பக்கங்களில் நெடுமரங்களும் ஓட்டி, கைமரங்களைச் சாய்த்தால் வீட்டின் சட்டகம் முடிந்தது. மரம் காயும்வரை காத்திருக்க மாட்டார்கள். பச்சை ஓக்கில் உளி எளிதாக இறங்கும். காயக் காய இரும்பாக இறுகும். காயும்போது முறுக்கிக்கொண்டு கோணலாவதும் உண்டு. இந்த வகை வீடுகளில் ஒரு கோடும் நேராக இல்லாததற்கு அதுவே பாதிக் காரணம்.

பச்சை மரத்தையே பயன்படுத்தியது வரலாற்றாசிரியர்களுக்குப் பேருதவி. வெட்டிய ஆண்டுக்கும் கட்டிய ஆண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அவற்றின் அகலக் குறுக்கத்தை ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கும் வளைய வரிசையோடு பொருத்தினால், பட்டை ஓரம் வரை மரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் எந்த ஆண்டு வெட்டியது என்றே சொல்லிவிட முடியும். பத்திரங்கள் பொய் சொல்லலாம், உள்ளூர்க் கதைகள் மிகைப்படுத்தலாம். வளையங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இந்தச் சட்டகத்தில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கூரையின் பாரம் சுவருக்குப் போவதில்லை. வளைமரங்களே அதை வாங்கி நேராகத் தரைக்கு இறக்குகின்றன. சுவர் என்பது வெறும் அடைப்பு. ஓக் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை நட்டு, மிலாறுகளைப் படல்போலப் பின்னி, களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய அடைப்பு. அது பெயர்ந்தால் மறுபடி அப்பலாம். வேண்டிய இடத்தில் வெட்டிச் சன்னல் வைக்கலாம். சுவரை முழுவதும் இடித்துவிட்டுச் செங்கல் அடுக்கலாம். கூரை அசையாது. ஐந்நூறு ஆண்டுகளாக ஆளாளுக்கு மாற்றியும் வீடு விழாமல் நிற்கிறது என்றால், அந்த மாற்றங்களுக்கெல்லாம் 1463இன் தச்சர் முன்கூட்டியே இடம் கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வளைமரங்களில் சில இன்றும் மாடியறையில் தெரிகின்றன. தரையிலிருந்து கிளம்பி, பின்னால் போட்ட மாடித் தளத்தை ஊடுருவிக்கொண்டு உச்சிக்குப் போகின்றன. மாடி வருவதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

புகை

அந்தக் காலத்துக் கூடத்துக்கு மேல்தளம் கிடையாது. தரையிலிருந்து முகடு வரை ஒரே வெளி. நடுவில் தரையிலேயே அடுப்பு. அதைச் சுற்றித்தான் குடும்பம் முழுவதும். புகைபோக்கி இல்லை. புகை மேலே எழுந்து முகட்டுக்கடியில் தங்கி, கூரையின் ஓட்டைகள் வழியாகவும் வேய்ந்த வைக்கோல் தாள்களின் இடுக்கு வழியாகவும் மெல்லக் கசிந்து வெளியேறும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் எப்போதும் ஒரு புகைமண்டலம். இந்த வகைக் கூடங்களின் கைமரங்களில் படிந்த கரியை இப்போதும் பார்க்கலாம். எந்த மரம் பழையது, எந்த மரம் புகைபோக்கி வந்த பிறகு சேர்த்தது என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அந்தக் கரியைக் கொண்டுதான்.

புகையால் கூரைக்கு நன்மையும் இருந்தது. பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. கூரை வீட்டுச் சமையலறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இன்னும் சில வீடுகளில், இடைக்காலத்தில் முதல்முதல் வேய்ந்த அடித்தாள் கரிபடிந்து அப்படியே இருக்கிறது. மேலே மேலே புது அடுக்குகள் வந்து மூடிக்கொண்டே போனதால், அறுநூறு ஆண்டுக்கு முந்திய கோதுமையும் ‘ரை’ என்ற தானியமும் வயல் களைகளும் கதிரோடு அங்கே பத்திரமாகக் கிடைக்கின்றன. இன்று எந்த வயலிலும் இல்லாத அந்தப் பயிர் வகைகளைத் தாவரவியலாளர்கள் வீட்டுக் கூரைகளிலிருந்து எடுத்து ஆராய்கிறார்கள். தானியக் களஞ்சியத்தில்கூட இப்படிக் காத்திருக்க முடியாது.

பிறகு புகைபோக்கி வந்தது. இந்த வீட்டின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சுவரோரமாகக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கணப்பும் அதற்கு மேல் புகைக்கூண்டும் கட்டியதும், புகை ஒரு வழியில் அடங்கிவிட்டது. கூடத்தின் மேல்வெளி விடுதலையானது. அந்த வெற்றிடத்தின் குறுக்கே உத்திரங்கள் போட்டுப் பலகை பரப்பினால் ஒரு மாடி கிடைத்துவிடும். சுவரை உயர்த்த வேண்டாம், கூரையைத் தொட வேண்டாம், வீடு இருமடங்காகிவிடும். மாடி வந்ததும் படுக்கைகள் மேலே போயின. வீட்டுக்காரர், பிள்ளைகள், வேலையாட்கள் என்று தனித்தனியாகப் படுக்க இடம் உண்டாயிற்று. ஒரே நெருப்பைச் சுற்றி ஒரே வெளியில் வாழ்ந்தவர்கள் அறைகளுக்குள் பிரிந்தார்கள்.

எசெக்ஸ் பகுதியின் ராட்விண்டர் ஊர்ப் பாதிரியாரான வில்லியம் ஹாரிசன் 1577இல் இதை நேரிலேயே கண்டு எழுதிவைத்திருக்கிறார். தங்கள் வாழ்நாளில் மூன்று விஷயங்கள் வியக்கத்தக்க வகையில் மாறிவிட்டன என்று அவர் ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்களாம். ஒன்று, புதிதாக எழும்பிய ஏராளமான புகைபோக்கிகள். இரண்டாவது, படுக்கை: வைக்கோல் பரப்பில் மரக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்கள் இப்போது மெத்தையும் தலையணையும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, மரத் தட்டுகள் போய் உலோகத் தட்டுகள் வந்தது. ரிச்சர்டு ஹாத்தவேயின் உயில் எழுதப்பட்டது அதற்கு நான்கே ஆண்டு கழித்து. கட்டில்களை உயிலில் சேர்த்து எழுதும் அளவுக்கு அவை ஏன் மதிப்புள்ள பொருளாயின என்பது இப்போது விளங்கும்.

ஏறத்தாழ 1570 முதல் 1640 வரை இங்கிலாந்தின் கிராமங்கள் இப்படித் தங்களைப் புதுப்பித்துக்கொண்டன என்றும், அதை ‘மாபெரும் மறுகட்டுமானம்’ என்று அழைக்கலாம் என்றும் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் எழுதினார். காலவரம்பை இவ்வளவு இறுக்கமாகப் போட முடியாது, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஷாட்டரி வீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது.

ஆனின் தம்பி பார்த்தலமியூதான் அடுத்த கட்டத்துக்கு உரியவர். அதுவரை ஹாத்தவேக்கள் அந்த நிலத்துக்குக் குத்தகைதாரர்கள். 1543ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அவர்கள் பெயர் இருக்கிறது என்றாலும், நிலம் அவர்களுடையது அல்ல. 1610இல் பார்த்தலமியூ அதை விலைக்கு வாங்கினார். குத்தகை வீட்டில் ஆணி அடிப்பதற்கும் சொந்த வீட்டில் அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு எந்த நாட்டிலும் ஒன்றுதான். பழைய பகுதியோடு ஒட்டி, தோட்டத்துப் பக்கமாக உயர்ந்து நிற்கும் பகுதி இந்த 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

வெளியே நின்று பார்க்கிறவர்கள் இரண்டு கூரைகளின் உயர வேறுபாட்டை அழகு என்று ரசித்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பின்னால் தச்சுக் கணக்கு ஒன்று இருக்கிறது. வளைமரச் சட்டகத்தில் மாடி போட்டால், உள்நோக்கி வளையும் மரங்கள் தலை நிமிர விடாது. அறையின் இரு ஓரங்களும் வீணாகும். பழைய கூடத்தில் பிறகு நுழைத்த மாடி அப்படித்தான் குனிந்து நடக்க வைக்கிறது. அதனால், தொடக்கத்திலேயே மாடியோடு கட்டுவது என்று தீர்மானித்த காலத்தில் வளைமரத்தைக் கைவிட்டார்கள். நேர்த்தூண்களை நட்டு மேலே உத்திரங்களால் பெட்டிபோல இணைக்கும் சட்டகத்துக்கு மாறினார்கள். அதில் சுவர் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம். தாழ்ந்த கூரைக்கடியில் மாடி பிற்சேர்க்கை, உயர்ந்த கூரைக்கடியில் மாடியே திட்டம். அந்த வேறுபாடுதான் வெளியே தெரிகிறது.

புகைபோக்கி ஒன்றில் பதித்த கல்லில் ‘ஐ. எச். 1697’ என்று இருக்கிறது. அக்காலத்துப் பொறிப்பில் ஜே எழுத்துக்குப் பதிலாக ஐ எழுத்தையே செதுக்குவார்கள். ஆகவே அது ஜான் ஹாத்தவே. பழுதுபார்த்தவர் தன் பெயரை வாசலில் பதிக்கவில்லை, புகைபோக்கியில் பதித்தார். பெருமைக்குரிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சமையலறையில் ரொட்டி சுடும் பழைய அடுப்பும் இருக்கிறது. பால் பொருட்கள் வைக்கும் குளிர்ந்த அறை ஒன்றும் உண்டு.

சுவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கீழே கல் அடித்தளம், மேலே மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையில் மண் பூச்சு இருந்த பல கட்டங்களில் பின்னால் செங்கல் வந்தது. கறுத்த மரமும் வெளுத்த சுவருமான தோற்றத்தைத்தான் பலரும் ஷேக்ஸ்பியர் காலத்து அடையாளமாக நினைக்கிறார்கள். பல ஆங்கில வீடுகளில் மரத்துக்குக் கரிய பூச்சு பூசியது 19ஆம் நூற்றாண்டின் நாகரிகம். பூசாத ஓக் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்குத் தானே வந்துவிடும்.

வீடு குடிலான கதை

1746இல் ஆண்வழி வாரிசு அற்றுப்போனது. வீடு பெண்வழி உறவினருக்குப் போயிற்று. அதன்பின் குடும்பத்தின் நிலை படிப்படியாக இறங்கியது. பண்ணைவீடு சிறு சிறு குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடன் நெருக்கியதால் வீடே கைமாறியது. விற்றவர்கள் அதே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

ஒரு கூர்மையான உண்மை இதில் இருக்கிறது. இந்தக் குடும்பம் தொடர்ந்து செழித்திருந்தால் இந்த வீடு நமக்குக் கிடைத்திருக்காது. 18ஆம் நூற்றாண்டில் பணம் சேர்ந்த விவசாயிகள் பழைய மரவீடுகளை இடித்துச் செங்கல் வீடு கட்டினார்கள், அல்லது முன்புறத்துக்குச் செங்கல் முகம் வைத்து மறைத்தார்கள். ரயில் வந்த பிறகு வேல்ஸின் கற்பலகைகள் மலிவாக எங்கும் கிடைத்ததால் வேய்ந்த கூரை ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. ஹாத்தவே குடும்பத்தின் வழிவந்தவர்களுக்கு இடிக்கவும் வசதியில்லை, மாற்றவும் வசதியில்லை. தடுப்புகள் வைத்தார்கள், ஒழுகிய இடத்தில் ஒட்டுப்போட்டார்கள். அந்த வறுமைதான் கூரையையும் வளைமரங்களையும் காப்பாற்றித் தந்தது. அந்த மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வெளியுலகின் பார்வை விழுந்தது 1790களில். சாமுவேல் அயர்லாந்து என்ற ஓவியர் ஏவன் ஆற்றங்கரையின் காட்சிகளைத் தொகுத்து 1795இல் வெளியிட்ட நூலில் இந்த வீட்டின் படத்தைச் சேர்த்தார். ஷேக்ஸ்பியர் காதலிக்க வந்தபோது உட்கார்ந்தது என்று சொல்லப்பட்ட நாற்காலி ஒன்றையும் அங்கிருந்து விலைக்கு வாங்கிச் சென்றார். அவரோடு அந்தப் பயணத்தில் வந்த மகன் வில்லியம் ஹென்றிதான் அதன் பிறகு ஷேக்ஸ்பியர் கையெழுத்துப் பத்திரங்களைப் போலியாகத் தயாரித்து லண்டனையே ஏமாற்றியவர். அந்தக் காலத்தின் பசி அப்படி இருந்தது. கவிஞரைப் பற்றிய ஆவணங்கள் மிகக் குறைவு. எனவே அவர் தொட்டிருக்கக்கூடிய மரத்துண்டுக்கும் விலை இருந்தது.

பயணிகள் வரத் தொடங்கியதும் பண்ணைவீடு குடிலாக மாறியது. சுவரையோ கூரையையோ தொடாமல் பெயரால் செய்த மாற்றம். ஆனால் விளைவில் மற்ற எல்லாவற்றுக்கும் குறையாதது. 1892இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 3,000 பவுண்டு கொடுத்து வீட்டை வாங்கியபோது, ஹாத்தவே வழிவந்த மேரி பேக்கர் என்ற மூதாட்டி இன்னும் அங்கேயே வசித்து, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அறக்கட்டளை அவரை அங்கேயே இருக்க விட்டது.

அறக்கட்டளை வாங்கிய பிறகும் மாற்றம் நிற்கவில்லை. வாசலைச் சுற்றி இன்று பூத்துக் கிடக்கும் தோட்டத்தைப் பாருங்கள். புகைப்படங்களில் வீட்டைவிட அதுதான் அதிக இடத்தைப் பிடிக்கிறது. ஆனின் காலத்தில் அந்த இடம் பண்ணை முற்றம்: சேறு, எருக்குவியல், கோழி, பன்றி, காய்கறிப் பாத்தி. பூக்கள் நிறைந்த குடில் தோட்டம் என்பது விக்டோரியா காலத்துக் கனவு. அதை இங்கே 1920களில் செழுமைப்படுத்தியதில் எல்லன் வில்மாட் என்ற புகழ்பெற்ற தோட்டக்கலை அறிஞரின் பங்கு பெரிது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேறில்லாத பண்ணைவீட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து விவசாயி வாழ்க்கை இப்படி இருந்தது என்று ஒருவர் நினைத்துக்கொண்டு திரும்பினால், அந்தத் தோட்டம் அவருக்குத் தவறான செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது.

நெருப்பும் தாளும்

வேய்ந்த கூரைக்கும் நெருப்புக்கும் உள்ள பகையை ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைக் கொண்டே சொல்லிவிடலாம். 1594, 1595 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்ட்ராட்ஃபோர்டு தீப்பற்றி எரிந்தது. 1613 ஜூன் 29ஆம் தேதி லண்டனில் அவருடைய ‘எட்டாம் ஹென்றி’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, மேடைக்காகச் சுட்ட பீரங்கியிலிருந்து பொறி பறந்து குளோப் அரங்கின் கூரைத்தாளில் விழுந்தது. அரங்கம் முழுவதும் சாம்பலானது. அடுத்த ஆண்டு அதைத் திரும்பக் கட்டியபோது ஓடு போட்டார்கள். அதே 1614இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் மறுபடி தீ. இரண்டு மணிநேரத்துக்குள் 54 வீடுகள் போயின. லண்டன் நகரம் 1212ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகே கூரை வேய்வதற்குத் தடை போட்டிருந்தது. நெருக்கமான தெருக்களில் ஒரு வீட்டுக் கூரை பற்றினால் தெருவே போகும். ஷாட்டரி வீடு வயல்களுக்கு நடுவே தனித்து நின்றதால் தாள் கூரையோடு இத்தனை காலம் இருக்க முடிந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

புகைபோக்கி இங்கே இரட்டை வேடம் போடுகிறது. நெருப்பைக் கூண்டுக்குள் அடைத்து வீட்டைக் காக்கிறது. அதே சமயம், ஓர் அடிக்கும் மேல் கனமான தாளைத் துளைத்துக்கொண்டு மேலே போவதால், சுவரில் விரிசல் விழுந்தால் வெப்பம் தாளுக்குள் இறங்கிவிடும். உள்ளே கனன்றுகொண்டே இருந்து, வெளியே புகை தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேய்ந்த வீடுகளின் புகைபோக்கிகள் முகட்டைவிட நன்றாக உயர்ந்து நிற்பது பொறிகள் கூரையில் விழாமல் தள்ளிப் போவதற்காக. ஜான் ஹாத்தவே 1697இல் புகைபோக்கியைச் செப்பனிட்டுத் தன் பெயரைப் பதித்ததன் பொருளை இப்படிப் பார்த்தால் இன்னும் நன்றாக உணரலாம்.

ஆனாலும் தீ வந்தது. 1969இல் கூரை பற்றிக்கொண்டு வீட்டுக்குப் பெரும் சேதம் ஏற்பட்டது. அறக்கட்டளை அதைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தது. இன்று அந்த வீடு முதல் தரக் காப்புப் பட்டியலில் இருக்கிறது; அனுமதி இல்லாமல் ஒரு சட்டத்தையும் மாற்ற முடியாது.

கூரைக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு வேறுவிதமாகத்தான் பொருந்தும். மாற்றாவிட்டால் கூரை இல்லை. தாள் கூரை நீரை ஓடுபோலத் தடுத்து நிறுத்துவதில்லை. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குக் கைமாற்றிக் கீழே இறக்குகிறது. ஏறத்தாழ 50 பாகை சரிவு இருந்தால் மழை உள்ளே இறங்க நேரமில்லாமல் வழிந்துவிடும். மேற்புறத்தில் ஓரிரு விரல் கனம் மட்டுமே நனையும். இறவாணம் சுவரைத் தாண்டி நீண்டு தொங்குவதால் தண்ணீர் சுவரில் படாமல் தூரமாகச் சொட்டுகிறது. மண் பூசிய சுவர் நூற்றாண்டுகளாகக் கரையாமல் இருந்தது அந்த நீட்டலால்தான்.

வேய்கிறவர் அடித்தாளைக் கைமரங்களோடும் வரிச்சுகளோடும் சேர்த்துத் தைப்பார். மேலடுக்குகளை, ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சிகளைப் பிளந்து, நடுவில் முறுக்கி ஊசிபோல வளைத்துக் குத்தி இறுக்குவார். கூரை முழுவதையும் பிரிப்பது அரிது. மக்கிப்போன மேலடுக்கை மட்டும் சீவிவிட்டு, நல்ல தாளுக்கு மேல் புதுத்தாள் போடுவார்கள். கோதுமைத் தாள் கூரை இருபது ஆண்டு அளவில் மேலடுக்கு கேட்கும். இரண்டு சரிவும் சேர்கிற முகடு அதற்கும் முன்பே, பத்துப் பதினைந்து ஆண்டில் வேலை கேட்கும்.

இன்றைய சிக்கல் ஆளைவிடத் தாளில் இருக்கிறது. கூரைக்கு வேண்டியது நீண்ட, உறுதியான, முறியாத கோதுமைத் தாள். இன்றைய கோதுமை ரகங்கள் காற்றில் சாயாமல் இருப்பதற்காகக் குட்டையாக்கப்பட்டவை. போதாக்குறைக்கு அறுவடை இயந்திரம் தாளைக் கடித்துக் குதறித் துப்பிவிடுகிறது. தழைச்சத்து உரம் அதிகமானால் தாள் வலுவிழந்து சீக்கிரம் மக்குகிறது. அதனால் வேய்கிறவர்களுக்காகவே சில விவசாயிகள் நெட்டை ரகங்களைப் பயிரிடுகிறார்கள். 1964இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட மாரிஸ் விட்ஜன் அவற்றில் பெயர்பெற்றது. ரொட்டிக்காக உருவாக்கிய ரகம். மாவு ஆலைகள் அதைக் கைவிட்ட பிறகும் கூரைக்காக உயிரோடு இருக்கிறது. கதிர் முழுவதும் முற்றுவதற்குச் சற்று முன்பே, எங்கெங்கோ தேடிப்பிடித்துப் பழுதுபார்த்த, அறுத்துக் கட்டாகக் கட்டிப் போடும் பழைய இயந்திரங்களைக் கொண்டு அறுத்து, கட்டுகளை வயலிலேயே நிறுத்திக் காயவைத்து, தாள் நசுங்காமல் தானியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள்.

ஹாத்தவேக்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. தானியம் வேண்டும் என்று கோதுமை விதைத்தார்கள். கூரைக்குத் தாள் கூடவே வந்தது. இன்று கூரைக்கென்று கோதுமை விதைக்கிறார்கள்.